அக்கரைக் கதைகளும் இக்கரை விற்பனையும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில், பெருநிலத்துப் பட்டர்வொர்த்துக்கும் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஓடும் ஃபெர்ரியை வைத்துப் பன்னிரண்டு சிறுகதைகள் எழுதி, நானே பதிப்பித்து, நானே விற்று வருகிறேன். கதைகளைப் பற்றிக் கேட்பவர்களைவிட, எப்படி எழுதினீர்கள், எப்படி விற்றீர்கள் என்று கேட்பவர்களே அதிகம். அவர்களில் பாதிப் பேர் வீட்டு அலமாரியில் ஒரு கையெழுத்துப் பிரதியைப் பூட்டி வைத்திருப்பவர்கள் என்பது என் ஊகம். புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டச்சு செய்து விரல் தேய்வதால், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஃபெர்ரியைப் பற்றி எழுத வேண்டும் என்று எப்படித் தோன்றியது?

முதலில் தோன்றியது வாசகரின் நேரம்; ஃபெர்ரி பிறகுதான் வந்தது. பெருநிலத்தில் குடியிருந்து தீவில் வேலை பார்க்கும் ஒரு தமிழரை எண்ணிப் பாருங்கள். துணிக்கடையில் நிற்பவராக இருக்கலாம், மருத்துவமனையில் தாதியாக இருக்கலாம். வீட்டுக்குப் போனால் சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், தொலைக்காட்சித் தொடர். அவருக்கென்று மிஞ்சுவது படகில் உட்கார்ந்திருக்கும் கால் மணி நேரம் மட்டுமே. அந்தக் கால் மணி நேரத்துக்குள் அடங்குகிற கதையை எழுதினால் படிப்பாரா என்ற கேள்வியில்தான் நூல் தொடங்கியது.

அப்புறம் ஃபெர்ரியே கதைக்குள் ஏறிக்கொண்டது. 1894இல் தொடங்கிய சேவை அது. 1985இல் பாலம் திறக்கும் வரை தீவுக்குப் போக வேண்டுமானால் கடலைத்தான் கடக்க வேண்டும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே படகு. பூலாவ் ரிமாவ், பூலாவ் அங்சா, பூலாவ் உண்டான் என்று தீவுகளின் பெயர் தாங்கிய பழைய படகுகள் கார்களையும் மனிதர்களையும் சேர்த்துச் சுமந்தன. 2021 பிறந்தபோது கார்களுக்கான சேவை நின்றது. 2023 ஆகஸ்டில் புதிய படகுகள் வந்தன; அவற்றில் ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும். பழைய படகில் காருக்குள்ளேயே உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த குடும்பங்களை இனி எங்கே பார்ப்பது? எழுதினால்தான் உண்டு.

கதைகளின் நீளத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?

வாய்விட்டுப் படித்துப் பார்த்து. ஒவ்வொரு கதையும் ஏறக்குறைய 1,300 சொற்கள். மௌனமாகப் படிப்பவர், நடுவில் இரண்டு முறை கடலைப் பார்த்தாலும், கரை வருவதற்குள் முடித்துவிடலாம்.

இந்தக் கட்டுப்பாடு எழுத்தையே மாற்றியது. படகு புறப்படும்போது சலசலப்பு அதிகம். ஆகவே முதல் பத்தியில் புரிந்துகொள்ளக் கடினமான எதையும் வைக்கவில்லை. ஆட்கள் கரையை நெருங்குவதற்கு முன்பே எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்கள். கடைசிப் பத்தியை அவர்கள் நின்றுகொண்டு, ஒரு கையில் பையோடு படிப்பார்கள். அதனால் எந்தக் கதையின் கடைசிப் பத்தியும் ஐந்து வரிக்கு மேல் போகாது. அந்தி வானத்தை அரைப் பக்கம் வர்ணிக்கும் என் பழக்கமும் இதில் அடிபட்டுப் போனது. வாசகர் தலையை நிமிர்த்தினால் நிஜ வானமே இருக்கிறது, நான் எதற்கு?

நூல் ஏன் இரண்டு பக்கத்திலிருந்தும் தொடங்குகிறது?

பழைய கட்டண முறைதான் காரணம். பெரியவர்களுக்கு ஒரு ரிங்கிட் இருபது சென். அதையும் பட்டர்வொர்த் கரையில் மட்டுமே வாங்குவார்கள். தீவிலிருந்து திரும்பும்போது கட்டணம் கிடையாது. பிழைப்புத் தேடிப் போகிறவனிடம் காசு வாங்கி, வீடு திரும்புகிறவனைச் சும்மா விடுகிற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. எனவே ஆறு கதைகள் தீவை நோக்கிப் போகின்றன, ஆறு கதைகள் வீடு திரும்புகின்றன. ஓர் அட்டையைத் திறந்தால் போகும் கதைகள். புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டி மறு அட்டையைத் திறந்தால் திரும்பும் கதைகள். இரண்டும் நடுவில் சந்திக்கின்றன.

அச்சகத்தில் இதை விளக்குவது கதை எழுதுவதைவிடக் கடினமாக இருந்தது. பெரிய தாளில் பதினாறு பக்கங்களாக அச்சிட்டு மடிப்பார்கள். பாதி நூல் நேராகவும் பாதி தலைகீழாகவும் வர வேண்டுமென்றால் எந்தப் பக்கம் எங்கே விழும் என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டும். பழைய காகிதத்தை மடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையால் எண் எழுதி, ஒரு மாதிரிப் புத்தகம் செய்து கொண்டுபோய்க் காட்டினேன். வரைபடத்தால் விளங்காதது அதை விரித்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது. விநோத வடிவத்தில் நூல் போட நினைப்பவர்கள் முதலில் கத்தரிக்கோலை எடுங்கள்; கணினி அப்புறம்.

எனக்கு வந்த பிரதியில் பாதி தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கிறது. மாற்றித் தருவீர்களா?

மேலே உள்ள பதிலைப் பாருங்கள். "தம்பி, புத்தகத்தைத் தப்பாக ஒட்டிவிட்டார்கள், அச்சகத்தானைச் சும்மா விடாதே" என்று எனக்காகக் கோபப்பட்டு அழைத்த பெரியவர்களுக்கு என் அன்பு. பக்கம் விடுபட்டிருந்தாலோ மை அப்பியிருந்தாலோ கட்டாயம் மாற்றித் தருகிறேன்.

நடுவில் நான்கு பக்கங்கள் ஏன் வெறுமையாக இருக்கின்றன?

நடுக்கடல். அங்கே வாசகர் எழுத வேண்டும். ஃபெர்ரியில் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ நடந்த ஏதாவது ஒன்றை அந்தப் பக்கங்களில் எழுதி, படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லி ஒரு வரிக் குறிப்பு மட்டும் இருக்கிறது. வந்தவற்றில் எழுதியவரின் அனுமதி கிடைத்ததை மட்டும், பெயர் இல்லாமல், வாரம் ஒன்றாக முகநூலிலும் புலனக் குழுக்களிலும் போடுகிறேன்.

விளம்பரத்துக்கென்று நான் செய்தவற்றில் இதுதான் அதிகம் வேலை செய்தது. "என் நூல் வெளிவந்துவிட்டது, வாங்குங்கள்" என்று பத்து முறை போட்டால் பதினோராவது முறை நம்மைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். ஆனால், படகில் அறுந்த செருப்போடு பெண் பார்க்கப் போன ஒருவரின் கையெழுத்துக் குறிப்பைப் போட்டால், அதை அவரவர் குடும்பக் குழுவுக்கு அவர்களாகவே அனுப்பி வைக்கிறார்கள். எழுதும் நிலையிலேயே நூலுக்குள் ஒரு வாசலைத் திறந்து வைத்தால், வெளியே நின்று கூவ வேண்டிய அவசியம் பாதி குறைகிறது.

ஏன் பதிப்பகத்திடம் கொடுக்கவில்லை?

தலைகீழாகத் திரும்பும் நூலும் எழுதாத நான்கு பக்கங்களும் என்றவுடன் யாரும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பணம் போடுகிறவர்கள் அவர்கள். இங்கே பணம் போட்டது நான் என்பதால் என் கிறுக்கும் என் கணக்கிலேயே போகட்டும்.

எத்தனை பிரதி அச்சிடலாம்?

ஆஃப்செட் முறையில் செலவின் பெரும்பகுதி தகடு தயாரிப்பதிலும் இயந்திரத்தை ஆயத்தம் செய்வதிலும் போய்விடும். எண்ணிக்கை கூடக்கூடப் பிரதிக்கான செலவு இறங்கும். டிஜிட்டல் அச்சில் நூறாவது பிரதிக்கும் ஏறக்குறைய முதல் பிரதியின் விலைதான். முதல் நூலென்றால் டிஜிட்டலில் முந்நூறுக்குள் நிறுத்துங்கள். "ஆயிரம் போட்டால் மலிவு" என்று அச்சகத்தில் சொல்வது உண்மைதான். எஞ்சும் எழுநூறும் உங்கள் கட்டிலுக்கடியில் கிடக்கும் என்பதும் அதே அளவு உண்மை.

தமிழ் எழுத்துகள் அச்சில் உடைந்துவிடுகின்றனவே, என்ன செய்வது?

இது பலரை வதைக்கும் சிக்கல். திரையில் ஒழுங்காகத் தெரியும் 'கொ', பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குள் போனதும் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். சில இடங்களில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும். இன்டிசைன் பயன்படுத்துபவர்கள், பத்தியைக் கோக்கும் அமைப்பை இந்திய மொழிகளைக் கையாளும் வகைக்கு மாற்றினாலே இது தீரும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு எழுத்து உடைந்திருப்பதே கண்ணில் படாது. அவர் பக்கத்தில் நீங்கள்தான் உட்கார வேண்டும்.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். நம் நாட்டில் இதற்குக் கொடுப்பினை உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருள் 1980களிலிருந்தே புழக்கத்தில் இருப்பதால், கணினித் தமிழ் அறிந்த ஒருவராவது எந்த ஊரிலும் அகப்படுவார். மாற்றிய பிறகு இரண்டு பிழைகளைத் தேடுங்கள்: 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என இரண்டு எழுத்துகள் இருக்கும், துணைக்காலுக்குப் பதில் 'ர' உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவரிடமிருந்தும் தப்பிவிடும்.

ஐ.எஸ்.பி.என். எண், சட்ட விஷயங்கள்?

நூல்களுக்கான பன்னாட்டு அடையாள எண்தான் ஐ.எஸ்.பி.என்.; அதைத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. யாராவது அதற்குக் கட்டணம் கேட்டால் அது அவருடைய கூலி. நம் நாட்டு எண்களில் 978க்குப் பிறகு 967, 983 அல்லது 629 வரும். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சு நூலில் ஐந்து பிரதிகளை வெளியான ஒரு மாதத்துக்குள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். முந்நூறு பிரதியில் ஐந்து போய்விட்டது என்று இப்போதே கணக்கில் எழுதிவிடுங்கள்.

1984ஆம் ஆண்டு அச்சகங்கள், பதிப்புகள் சட்டம், அச்சிட்டவர் பதிப்பித்தவர் இருவரின் பெயரும் முகவரியும் முதல் அல்லது கடைசித் தாளில் இருக்க வேண்டும் என்கிறது. என் நூலுக்கு எது முதல் தாள், எது கடைசித் தாள்? வம்பே வேண்டாமென்று இரண்டு பக்கமும் போட்டுவிட்டேன். பின்னட்டையே இல்லாததால் பட்டைக்குறி (பார்கோடு) திரும்பும் கதைகளின் அட்டையில் கீழ்மூலையில் இருக்கிறது. காப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. எழுதியவுடனே உங்களுடையது, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 50 ஆண்டுகளுக்கும்.

அணிந்துரை, வாழ்த்துரை எதுவும் இல்லையே?

இரண்டு தொடக்கம் உள்ள நூலில் யாரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது? ஒருவருக்கு மேலே இன்னொருவர் தலைகீழாக இருப்பார். தவிர, நம் நூல்களில் வாழ்த்துரைகளையும் புகைப்படங்களையும் தாண்டி முதல் கதைக்கு வருவதற்குள் படகு கரை சேர்ந்துவிடும்.

வெளியீட்டு விழா ஏன் வைக்கவில்லை?

இதைக் கேட்காதவர் இல்லை. நம் நாட்டு நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கோலாலம்பூர் என்றால் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள டான்ஸ்ரீ சோமா அரங்கம். மற்ற ஊர்களில் ஏதாவது ஒரு மண்டபம். குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, ஆய்வுரை. டத்தோ பட்டம் பெற்ற சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார், அவருக்காக ஆய்வுரையைப் பாதியில் நிறுத்துவார்கள். பிறகு முதல் நூலைப் பெறுபவர் பெயர் அறிவிக்கப்படும். அடுத்து உறையோடு வரிசை. இருபத்தைந்து ரிங்கிட் நூலுக்கு உறைக்குள் ஐம்பது இருக்கும், நூறு இருக்கும். மனம் கனிந்தால் ஆயிரமும் இருக்கும். எழுத்தாளரோடு ஒரு படம், கையில் ஒரு நூல், அப்புறம் மீகூன் விருந்து.

நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். புத்தகச் சந்தை என்று ஒன்று சரியாக அமையாத இந்த நாட்டில் அந்த உறைகள்தான் அச்சுக்கூலியைக் கொடுத்து வந்திருக்கின்றன. ஒரே மாலையில் கடன் அடைந்துவிடும். ஆனால், உறை கொடுத்தவர் எழுத்தாளருக்குக் கைகொடுக்கிறார். படிப்பதாக வாக்குக் கொடுக்கவில்லை. நூல் வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள், போன வருட வெளியீடுகளின் பக்கத்தில் போய்ச் சேர்கிறது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது: உறையும், வாசகரும்.

ஆகவே முன்பதிவு செய்தவர்களை ஒரு சனிக்கிழமை மாலை பட்டர்வொர்த் படகுத்துறைக்கு வரச் சொன்னேன். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. படகில் விற்கவோ கூட்டம் போடவோ படகு நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்பதால் இரண்டையும் செய்யவில்லை. எல்லோரும் டிக்கெட் எடுத்து ஏறினோம், உட்கார்ந்தோம், அவரவர் பிரதியில் ஒரு கதையைப் படித்தோம். ஒரே நிறப் புத்தகத்தைப் பாதிப் பேர் நேராகவும் பாதிப் பேர் தலைகீழாகவும் பிடித்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் கேட்காமல் இருப்பாரா? அக்கரையில் இறங்கி லிட்டில் இந்தியாவரை நடந்துபோய்த் தேநீர் குடித்துக் கலைந்தோம்.

உறை? கொடுக்காமல் விட மாட்டேன் என்றார் என் அத்தை. அவரைப் பார்த்து இன்னும் சிலர். அந்தப் பணத்துக்குரிய நூல்களில் முதல் தாளில் 'இன்னாரின் அன்பளிப்பு' என்று எழுதி, ஆட்கள் காத்திருக்கும் இடங்களில் வைத்தோம்: முடிதிருத்தும் கடை, மருந்தகம், கார் பழுதுபார்க்கும் பட்டறை. நூறு ரிங்கிட் கொடுத்தவரின் பெயர் நான்கு கடைகளில் இருக்கிறது. மேடையில் ஒருமுறை வாசிக்கப்படுவதைவிட இது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அறிந்தேன். பட்டறையில் தன் பெயரைப் பார்த்த ஒருவர் இன்னோர் உறை அனுப்பினார்.

எங்கெங்கே விற்கிறீர்கள்?

புத்தகக் கடைகளிலும் உண்டு. கழிவு போக என் கைக்கு வருவது குறைவு. ஆனாலும் கடையில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஒரு மரியாதை வேண்டுமல்லவா? பாதிக்கு மேல் விற்பது மளிகைக் கடை, பூக்கடை, படகுத்துறைக்குப் போகும் வழியில் உள்ள உணவுக்கடை ஆகியவற்றின் கல்லாவுக்குப் பக்கத்தில்தான். கடைக்கு ஐந்து பிரதிக்கு மேல் கொடுப்பதில்லை. தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் அழைக்க வேண்டும். தூசி தட்டுகிறேன் என்று அழைக்கக் கூடாது. வெளியூருக்கு அஞ்சலில் அனுப்புகிறேன், பணம் டுயிட்நவ் கியூஆர் வழியாக. ரசீது கட்டாயம் தருகிறேன்: நூல் வாங்கும் செலவு வருமான வரியில் 2,500 ரிங்கிட் வாழ்க்கைமுறைச் சலுகைக்குள் சேரும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் கடை போடலாமே?

ஒரு கையில் பால்குடம், மறு கையில் பிள்ளை. புத்தகத்தை எந்தக் கையில் வாங்குவார்?

நாளிதழ், வானொலி உதவுமா?

உதவும். ஞாயிறு பதிப்புகளில் சிறுகதை வெளியாவது இன்னும் பெரிய விஷயம்தான். தொகுப்பில் இரண்டு கதைகளை முதலில் அங்கே அனுப்பினேன், நூல் வந்தபோது பெயர் புதிதாக இல்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனதில் எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய வாசல் அடைபட்டது. இருக்கிற நாளிதழ்களை வாங்கிப் படிக்காமல் "என் கதையைப் போட மாட்டேன் என்கிறார்கள்" என்று குறைப்படுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. மின்னல் எஃப்.எம். போன்ற வானொலியில் பேச வாய்ப்புக் கிடைத்தால், நூலைப் பற்றிப் பேசாதீர்கள். அதிலிருந்து ஒரு பத்தியைப் படியுங்கள்.

எனக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. என்ன செய்வது?

மலாய்ப் பள்ளியிலும் சீனப் பள்ளியிலும் படித்த நம் பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு வாசகர் குறைவு என்று புலம்புவதில் பொருளில்லை. அதனால் கதைகளைக் குரலாகவும் பதிவு செய்திருக்கிறேன். அட்டையின் உட்புறம் உள்ள கியூஆர் குறியைத் தட்டினால் கேட்கலாம். படகின் இயந்திர ஒலியைப் பின்னணியில் சேர்க்கச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். படகில் உட்கார்ந்து கேட்பவருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. நான் எண்ணாத ஒன்றும் நடக்கிறது: பேரன் நூலை வாங்கிப் பாட்டியிடம் கொடுக்கிறான், பாட்டி படித்துக் காட்டுகிறார்.

மின்னூல் உண்டா?

கிண்டிலில் தமிழ் மின்னூல் வெளியிட முடியும். பலர் செய்கிறார்கள், செய்யுங்கள். என் நூலைத் திரையில் தலைகீழாகத் திருப்பினால் திரையும் சேர்ந்து திரும்பிக்கொள்ளும் என்பதால் நான் செய்யவில்லை.

தமிழ்ப்பள்ளிகளில் விற்கலாமா?

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன என்றவுடன் எழுத்தாளர்களுக்கு நாவில் நீர் ஊறும். சிறுவர் நூல் எழுதியிருந்தால் தலைமையாசிரியரைப் பாருங்கள். என் கதைகள் பெரியவர்களுக்கானவை. பிள்ளைகளின் தலையில் கட்ட மாட்டேன்.

லாபம் வந்ததா?

அச்சுக்கூலி, அஞ்சல், தேநீர் எல்லாம் போக இரண்டாம் பதிப்புக்கு வேண்டியது வந்தது. என் உழைப்புக்குக் கூலி போட்டால் நட்டம். போடவில்லை.

என் கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்வீர்களா?

ஒரு கதையை மட்டும் அனுப்புங்கள், நாவல் முழுவதையும் அல்ல. யூனிகோடில் இருக்கட்டும், கைப்பேசியில் படம் பிடித்த நாற்பது பக்கங்களை என் கண் தாங்காது. அதோடு ஒரு வரி: இதை யார், எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து படிப்பார் என்று நினைக்கிறீர்கள்? அந்த வரி இல்லாமல் வரும் கதைகளை வரிசையில் கடைசியாகத்தான் படிக்கிறேன். அணிந்துரை எழுதித் தர மாட்டேன்.